காட்டில் 0.0 காட்டும் கருவி: கையடக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு மானி, ஒரு மதிப்புரை

மொரீஷியஸில் தொழிற்கூடப் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் கடைகளில் 7,000 ரூபாய்க்குச் சற்று மேலான விலையில் கிடைக்கும் ஒற்றை வாயு மானி ஒன்றை மதிப்பிடுவதற்காக இதை எழுதுகிறேன். சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் அளவே உள்ள இந்தக் கருவி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் ஒரே ஒரு வாயுவை மட்டும் அளக்கிறது. பாதாளச் சாக்கடைக் குழிகளில் இறங்குவோரும், சர்க்கரை ஆலைகளையும் ரம் வடிசாலைகளையும் ஒட்டிய கழிவுநீர்த் தொட்டிகளில் வேலை செய்வோரும்தாம் இதுவரை இதை வாங்கிவந்தார்கள். அண்மையில் விற்பனையாளர் ஒருவர் தமது விளம்பரத் தாளில் பசுமையான மழைக்காட்டின் படத்தை அச்சிட்டு, இயற்கைக் காற்றில் கலந்திருக்கும் கந்தகத்தையும் இக்கருவியால் அளந்து பார்க்கலாம் என்று எழுதிவிட்டதால், பள்ளி அறிவியல் மன்றங்களை நடத்தும் ஆசிரியர்கள் சிலரும் இதை வாங்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். மழைக்காடுகள் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன என்பது உண்மை. அதை இந்தக் கருவி காட்டும் என்பதுதான் உண்மையன்று. அவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை எண்களோடு சொன்னால்தான் வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

கருவியின் அமைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. மஞ்சள் ரப்பர் உறை, முதுகில் எஃகுக் கவ்வி, தலைப்பகுதியில் சிவப்பு விளக்குகள், முகத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வட்டத் துளை. அத்துளைக்குள் வெள்ளைச் சவ்வு ஒன்று தெரிகிறது. வாயு உள்ளே போவது அதன் வழியாகத்தான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்குகள் மின்னி, உடல் அதிர்ந்து, காதைத் துளைக்கும் ஒலி ஒன்றை எழுப்பித் தன்னைச் சோதித்துக்கொண்டு, இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதைத் திரையில் காட்டிவிட்டு, 0.0 என்னும் எண்ணில் வந்து நிற்கிறது. மின்கலத்தை மாற்ற இயலாது. முதன்முறை இயக்கிய நாளிலிருந்து 24 மாதங்கள் கழிந்ததும் கருவி தானே ஓய்ந்துவிடும். அளவெல்லை 0 முதல் 100 பிபிஎம் வரை, அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் நூறு பங்கு வரை. காட்டக்கூடிய மிகச் சிறிய படி 0.1 பிபிஎம். முதல் எச்சரிக்கை 10 பிபிஎம்மிலும் இரண்டாவது 15 பிபிஎம்மிலும் ஒலிக்கும்படி ஆலையிலேயே அமைத்து அனுப்புகிறார்கள்.

உள்ளே இருப்பது ஒரு மின்வேதிக் கலம். சவ்வைக் கடந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறு, கந்தக அமிலத்தில் நனைந்த மின்முனையின் மேல் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தானும் கந்தக அமிலமாகவே மாறிவிடுகிறது. அவ்வாறு மாறும்போது ஒரு மூலக்கூறுக்கு எட்டு எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. அந்த எலெக்ட்ரான் ஓட்டத்தைத்தான் கருவி பிபிஎம் கணக்காக மாற்றித் திரையில் காட்டுகிறது. எந்திர அசைவு எதுவும் இல்லாத எளிய ஏற்பாடு இது என்பதால் விழுந்தாலும் நனைந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மின்னோட்டம் மிகச் சிறிதாகும்போது கலத்தின் சொந்த இரைச்சலிலிருந்து வாயுவின் குரலைப் பிரித்தறிய அதனால் இயலாது. ஆகவே தயாரிப்பாளர்கள் பூஜ்யத்தை ஒட்டிய சிறு அசைவுகளை எல்லாம் மென்பொருளிலேயே அமுக்கி 0.0 என்று காட்டும்படி செய்திருக்கிறார்கள். திரையில் தெரியும் அந்தப் பூஜ்யத்துக்கு 'வாயு இல்லை' என்று பொருளன்று. 'எனக்குத் தெரியும் அளவில் இல்லை' என்பதே அதன் பொருள். விளம்பரத் தாளை எழுதியவர் கவனிக்கத் தவறிய இடம் இதுதான்.

கருவி எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையில் அதற்கு முழு மதிப்பெண் தரலாம். கழிவுநீர் நிலையப் பராமரிப்பு என் தொழில். மூடிய குழியின் வாயைத் திறந்ததும் கயிற்றில் கட்டி முதலில் உள்ளே இறக்குவது இந்த மாதிரி மானியைத்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். மேலே நின்று முகர்ந்து பார்த்துவிட்டு இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடும் வேலை. இதைவிட மோசமானது மூக்கின் துரோகம்: பில்லியனில் சில பங்கு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றத்தைக் கண்டுகொள்ளும் மூக்கு, 100 பிபிஎம்மை நெருங்கும்போது மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று சொல்லிவிடும். அதற்கு மேல் சில நூறு பிபிஎம்மில் உயிரே போகலாம். அளவு சரிபார்க்கும் 25 பிபிஎம் வாயுவைக் குழாய் வழியாகச் செலுத்தியபோது, நான் வாங்கிய கருவி அரை நிமிடத்துக்குள் 24-ஐத் தாண்டியது. கந்தகச் சத்து மிகுந்த வடிசாலைக் கழிவுநீர் நாள்பட்டுக் கிடந்த தொட்டி ஒன்றின் மூடியைத் திறந்தபோது, என் மூக்குக்கு நாற்றம் எட்டுவதற்கும் கருவி அலறுவதற்கும் இடையே அதிக நேரம் இருக்கவில்லை. பம்பு ஓடும் இரைச்சலிலும் அதிர்வு தொடையில் நன்றாக உணரப்படுகிறது. இந்தப் பயன்பாட்டுக்காக வாங்குவோர் அடுத்து வரும் பகுதியைத் தாண்டிச் சென்று, கடையின் சேவை பற்றிய பத்தியைப் படித்தால் போதும்.

இனி காடு. பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா 1994-இல் அறிவிக்கப்பட்டது; 6,574 ஹெக்டேர் பரப்புள்ளது; இத்தீவில் எஞ்சியிருக்கும் பூர்வீகக் காட்டின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. பெட்ரினில் வண்டியை நிறுத்திவிட்டு மச்சாபே காட்டுப் பாதையில் கருவியை மார்பில் மாட்டிக்கொண்டு நடந்தேன். மழை விட்டும் விடாமலும் இருந்தது. கருங்காலி மரங்களின் அடியிலும், சீனக் கொய்யாப் புதர் அடர்ந்து பூர்வீகக் கன்றுகளை நெருக்கிக்கொண்டிருந்த இடங்களிலும், இலைச்சருகு மட்கிக் கிடந்த பள்ளங்களிலும் கருவியைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். வழியெல்லாம் 0.0 தான். ஒரே ஒரு முறை, குளிர்சாதன வண்டியிலிருந்து இறங்கிப் பனிமூட்டத்துக்குள் கால் வைத்தவுடன், 0.1 என்று தோன்றி மறைந்தது. இதைக் காட்டின் கந்தகம் என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. வெப்பநிலையும் ஈரப்பதமும் திடீரென்று மாறும்போது மின்வேதிக் கலம் இவ்வாறு தடுமாறுவது வழக்கம். ஆசிரியர் ஒருவர் மாணவர்களை அழைத்துச் சென்ற இடத்தில் இந்த 0.1 தோன்றியிருந்தால், அது மன்றத்தின் அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பாகவே ஏறியிருக்கும்.

அதே நேரத்தில் அந்தக் காடு கந்தகத்தை வெளியிடாமல் இருந்ததாகவும் கொள்ளக் கூடாது. மரங்கள் வேர் வழியாகச் சல்ஃபேட்டை உறிஞ்சி, இலைக்குள் சூரிய ஒளியின் ஆற்றலைச் செலவிட்டு அதைச் சல்ஃபைடாக ஒடுக்கி, சிஸ்டைன், மெத்தியோனைன் ஆகிய அமினோ அமிலங்களைச் செய்கின்றன. தேவைக்கு மேல் மிஞ்சும் கந்தகத்தில் ஒரு சிறு பகுதியை ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் டைமெத்தில் சல்ஃபைடாகவும் இலைத்துளைகள் வழியே வெளியே விடுகின்றன. மண்ணில் நுண்ணுயிர்களும் தம் பங்குக்கு இவ்வாயுக்களை உண்டாக்குகின்றன. இதற்கு நேர்மாறான ஓட்டமும் உண்டு: காற்றில் டிரில்லியனுக்கு, அதாவது இலட்சம் கோடிக்கு, சுமார் 500 பங்கு இருக்கும் கார்பனைல் சல்ஃபைடு என்னும் கந்தக வாயுவை இலைகள் கரியமில வாயுவோடு சேர்த்து உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகின்றன. எனவே காட்டைக் கந்தகத்தின் ஊற்றுக்கண் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஒரு கந்தக வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இன்னொன்றை உள்ளே இழுக்கும் இடம் அது.

இவற்றின் அளவைக் கண்டறிந்தவர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், நம் கையிலுள்ள கருவியின் இடம் எது என்று தானே விளங்கும். 1985-ஆம் ஆண்டின் வறண்ட பருவத்திலும் 1987-ஆம் ஆண்டின் மழைப் பருவத்திலும் அமெரிக்காவின் நாசாவும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து அமேசான் காட்டின் மேல் விமானம் பறக்கவிட்டும் தரையில் கோபுரம் நிறுத்தியும் பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். மைன்ராட் ஆன்ட்ரியேவும் உடன் பணியாற்றியவர்களும் டைமெத்தில் சல்ஃபைடைத் தங்கக் கம்பி இழைகளின் மேல் ஒட்டச்செய்து சேகரித்து, பிறகு சூடாக்கி விடுவித்து, கலந்திருக்கும் வாயுக்களைத் தனித்தனியே பிரிக்கும் வாயு நிறச்சாரல் கருவியில் அளந்தார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடை வெள்ளி நைட்ரேட் ஊறிய வடிதாளில் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் 1988-இல் காங்கோவின் வடபகுதி மழைக்காட்டின் மேலும், பின்னர் கேமரூனின் தென்பகுதி மரங்களிலும் இதே போன்ற அளவீடுகள் நடந்தன. 2015-இல் வெளியான ஒரு ஆய்வு, நடு அமேசான் காட்டின் மரக்கூரைக்குள் டைமெத்தில் சல்ஃபைடு டிரில்லியனுக்கு 160 பங்கு வரை ஏறியதையும், மாலையிலிருந்து இரவுக்குள் நீண்டு எட்டு மணி நேரம் வரை அவ்வாறு உயர்ந்து நின்றதையும் பதிவு செய்தது. இந்த வாயுவைப் பகலில் விரைவாகத் தின்று தீர்ப்பது சூரிய ஒளியில் பிறக்கும், எளிதில் வினைபுரியும் ஹைட்ராக்சில் என்னும் துகள். பொழுது சாய்ந்தபின் அது இல்லாமற்போவதும், காட்டுக்குள் காற்று கலக்காமல் அடங்கிவிடுவதும் இந்த உயர்வுக்குத் துணைசெய்கின்றன.

அமேசானில் கண்ட அந்த உச்ச அளவாகிய 160 பங்கை நம் கருவியின் மிகச் சிறிய படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.1 பிபிஎம் என்பது டிரில்லியனுக்கு 1,00,000 பங்கு. உலகின் மிகப் பெரிய மழைக்காட்டின் நடுவே, மிகச் சாதகமான இரவில் கிடைத்த அளவுகூட, நம் திரையில் ஓர் இலக்கம் அசைவதற்குத் தேவையான அளவில் 625-இல் ஒரு பங்குதான். அதுவும் கருவிக்குப் பழக்கமான ஹைட்ரஜன் சல்ஃபைடு அன்று, அது சரியாக உணராத வேறொரு வாயு. கரும்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஒரு கடுகை வைத்துவிட்டு முள் அசையவில்லையே என்று காத்திருப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. எடைமேடையின் மேல் குற்றமில்லை, கடுகின் மேலும் குற்றமில்லை. இந்த அளவுகளை நேரடியாகப் படிக்கும் திறனுள்ள புரோட்டான் பரிமாற்ற நிறைநிரல்மானி போன்ற கருவிகள் பல மில்லியன் ரூபாய் விலையுள்ளவை. அவற்றைக் காட்டுக்குள் நிறுத்துவதென்றால் மின்சாரமும் குளிரூட்டிய அறையும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

அத்தகைய கருவி ஒன்று இங்கு வந்தாலும் மச்சாபே காட்டின் கந்தகத்தைத் தனியே பிரித்துச் சொல்வது எளிதாக இராது என்பதையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். நம் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. தென்கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தீவைக் கடந்துவிடுகிறது. அந்தக் காற்றோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடலின் மேல் தவழ்ந்து வந்தது. கடலில் வாழும் நுண்பாசிகள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடு அதில் நிறைந்திருக்கும். காற்றில் அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். எனவே காட்டின் மேல் அளக்கும் எந்த எண்ணிலும் கடலின் பங்கு கலந்தே இருக்கும். அமேசானிலும் காங்கோவிலும் கடற்காற்று பல நாள் காட்டின் மேலேயே பயணம் செய்து, தான் கொண்டுவந்த கந்தகத்தை இழந்துவிட்ட பிறகு ஆய்வாளர்கள் அதை அளந்தார்கள். அங்கே காட்டின் பங்கு தனித்துத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வாய்ப்பு ஒரு சிறு தீவுக்கு இல்லை.

உலகக் கணக்கிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 2011-இல் வெளியான ஒரு மதிப்பீடு கடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 80 இலட்சம் டன் கந்தகம் டைமெத்தில் சல்ஃபைடாக எழுவதாகச் சொல்கிறது. நிலத்தின் தாவரங்களுக்கும் மண்ணுக்கும் சேர்த்து, பருவநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் 2001 அறிக்கை தந்த எண் ஆண்டுக்குப் 10 இலட்சம் டன்தான். அதிலும் 4 இலட்சம் முதல் 56 இலட்சம் வரை எதுவும் இருக்கலாம் என்று இடம் விட்டிருந்தது. குறைந்த எண்ணுக்கும் கூடிய எண்ணுக்கும் இடையே பதினான்கு மடங்கு வேறுபாடு இருப்பதற்குக் காரணம், வெப்பமண்டலக் காடுகளில் நேரடி அளவீடுகள் மிகச் சிலவே நடந்திருப்பது. ஆயினும் அளவு சிறிது என்பதால் காட்டின் கந்தகத்தைப் புறக்கணிக்க முடியாது. வாயு நிலையிலிருந்து கந்தக டைஆக்சைடாகவும் பிறகு கந்தக அமிலமாகவும் மாறி, நுண்துகள் உருவாகத் துணைசெய்து, மேகத் துளிக்கு வித்தாக அமையக்கூடியது அது. கடலிலிருந்தும் நகரங்களிலிருந்தும் தொலைவில் உள்ள காட்டின் நடுவில், உள்ளூரிலேயே பிறக்கும் கந்தகத்துக்கு அந்த இடத்தின் மேகங்களைப் பொறுத்தவரை தனி மதிப்பு உண்டு.

மூக்கையும் மானியையும் ஒப்பிட விரும்பும் ஆசிரியருக்குச் சமையலறையே போதும். மூடிய பாத்திரத்தில் முட்டைக்கோஸை நன்றாக வேகவைத்து மூடியைத் திறந்தால் எழும் அந்தக் கனத்த வாசனையில் டைமெத்தில் சல்ஃபைடுக்கு முக்கியப் பங்குண்டு. கூடத்தில் இருப்பவர்கள்கூட என்ன சமையல் என்று சொல்லிவிட்டார்கள். ஆவி கருவியை நனைத்துவிடாதபடி ஒரு முழ தூரத்தில் பிடித்திருந்த கருவி 0.0-லிருந்து அசையவில்லை. மானியின் எல்லையை மாணவர்களுக்குப் புரியவைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கருவி இயற்கையில் எங்குமே பயன்படாது என்றும் சொல்லிவிட முடியாது. லெ மோர்ன் பக்கத்துக் கண்டல் திட்டில், நீர் வடிந்திருந்த வேளையில், கரிய சேற்றைக் குச்சியால் கிளறி உடனே கருவியை அதன் மேல் பிடித்தபோது 0.4 வரை ஏறியது. இடுப்புயரத்துக்குத் தூக்கியதும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. இங்கு நடப்பது காட்டில் நடப்பதிலிருந்து வேறானது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் கரைந்திருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்தச் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கழிவாக விடுகின்றன. இத்தீவின் மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது, இரும்பு மிகுந்தது. அந்த இரும்பு கந்தகத்தைப் பற்றி இரும்புச் சல்ஃபைடாக அமுக்கிவைப்பதால்தான் சேறு அவ்வளவு கறுப்பாக இருக்கிறது, கிளறினால் மட்டுமே நாற்றம் எழுகிறது. அறிவியல் மன்றம் ஒன்றிடம் இந்தக் கருவி ஏற்கெனவே இருந்தால், அதை எடுத்துக்கொண்டு போகத் தகுந்த இடம் கண்டல் சேறுதான். மாணவர்கள் முகத்தைச் சேற்றருகே கொண்டுபோகாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு வாயுக்களைக் கண்டும் இக்கருவி ஏமாறுகிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில், கந்தக டைஆக்சைடும் மெத்தில் மெர்காப்டனும் அளவைக் கூட்டிக் காட்டச் செய்யும் என்றும், நைட்ரஜன் டைஆக்சைடு குறைத்துக் காட்டச் செய்யும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தீபாவளி இரவில் கத்ர் போர்னில் எங்கள் தெருவில் பட்டாசுப் புகை அடர்ந்து நின்றபோது கருவி 0.2 காட்டியது, அதில் எவ்வளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு, எவ்வளவு கந்தக டைஆக்சைடு என்று இந்தக் கருவியைக் கேட்டால் பதில் கிடைக்காது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை வெடிக்கும் நாள்களில் அதன் புகையை இங்கே அளக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எரிமலை உமிழ்வது பெரும்பாலும் கந்தக டைஆக்சைடு. நமக்கும் அதற்கும் இடையே 200 கிலோமீட்டர் அளவுக்குக் கடல். வாணிபக் காற்றும் பெரும்பாலும் அந்தப் புகையை நம் பக்கம் தள்ளுவதில்லை. அதற்கும் இது உதவாது.

கடையின் சேவையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. இரண்டாண்டுக் காலத்துக்கு அளவு சரிபார்க்கவே தேவையில்லை என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். கையேடோ, பயன்படுத்தும் முன் சோதனை வாயுவைக் காட்டிக் கருவி விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி சொல்கிறது. குழியில் இறங்கும் தொழிலாளியின் உயிர் இந்த வேறுபாட்டில் தொங்குகிறது. சவ்வின் மேல் சேறோ எண்ணெயோ படிந்து அடைத்துக்கொண்டால் கருவி 0.0 என்றே காட்டிக்கொண்டிருக்கும், எச்சரிக்கையும் ஒலிக்காது. சோதனை வாயு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். சோதனை வாயு உருளை கேட்டபோது, தருவிக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். கருவியை விற்பவர் உருளையையும் கையிருப்பில் வைத்திருப்பதுதான் முறை. காட்டுப் படம் போட்ட விளம்பரத் தாளைப் பற்றி நான் சுட்டிக்காட்டியபோது, அது வெளிநாட்டிலிருந்து வந்த படம் என்று மட்டும் பதில் வந்தது. தாள் இன்னும் கடையின் மேசையில் இருக்கிறது. விற்றவரின் பொறுமையையும், பழுதான கவ்வியைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்ததையும் நான் மறுக்கவில்லை.

அறிவியல் மன்றத்துக்கு 7,000 ரூபாய் கையில் இருந்தால் அதை வேறு வழியில் செலவிடலாம் என்பது என் கருத்து. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் ஓரளவு நல்ல பிஎச் மானியும் மழைநீர் சேகரிக்கும் புனல்களும் அந்தத் தொகைக்குள் அடங்கும். மாசில்லாத மழைநீரின் பிஎச், கரியமில வாயு ஒன்றினாலேயே 5.6 அளவுக்கு இறங்கியிருக்கும்; காட்டுக்கு மேல் பெய்யும் மழையில் ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்களும் சேர்ந்திருக்கும் என்பதால், பிஎச் குறைந்தவுடன் அதைக் கந்தகத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று உதவ முன்வந்தால் மழைநீரின் சோடியத்தையும் சல்ஃபேட்டையும் அளக்கச் சொல்லலாம். கடல்நீரில் சல்ஃபேட்டின் எடை சோடியத்தின் எடையில் சுமார் கால் பங்கு; அந்த விகிதத்துக்கு மேல் மழைநீரில் இருக்கும் சல்ஃபேட் கடல் உப்பிலிருந்து வந்ததன்று, வாயுவாக எழுந்து காற்றில் மாறி வந்தது. அது கடல் நுண்பாசியின் டைமெத்தில் சல்ஃபைடா, கப்பல் புகையா, மின்நிலையப் புகையா, காடா என்று பிரிப்பது அடுத்த கேள்வி. மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் அதில் ஈடுபடலாம். எரிமலைப் புகையைப் பார்க்க விரும்புவோருக்கு, 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் கந்தக டைஆக்சைடு வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

குழி வேலைக்காக வாங்குவோர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கடைசி இயக்க நாளைப் பார்த்து வாங்க வேண்டும். 24 மாதக் கணக்கு இயக்கிய பிறகுதான் தொடங்கும் என்றாலும், அலமாரியில் நெடுநாள் கிடந்த கலம் அதற்கு முன்பே சோர்ந்துபோயிருக்கலாம். சோதனை வாயுவும் அதற்கான குழாய்மூடியும் சேர்த்து என்ன விலை என்று கேட்டு, அந்த மொத்தத் தொகையைத்தான் கருவியின் விலையாகக் கொள்ள வேண்டும். ஆயுள் முடிந்த கருவியைப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க விடாதீர்கள், உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. வாங்கிய கடையே திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பதை ரசீது போடும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.